எடுத்துக்கொடுப்பவன்

கெம்னிட்ஸ் நகர ஓபராவில்
பதினெட்டு வருடம் எனக்கு வாய்த்தது
மேடை விளிம்பில் ஒரு பொந்து.
கையில் பாட்டுப் புத்தகம்,
கண்ணுக்கு நேரே
ஓட்டிலீ ப்ராண்ட்ஷ்டெட்டரின் காலணிகள்.
முகம் பார்க்க வேண்டுமென்றால் கழுத்து வலிக்கும்.

முதல் பருவத்தில் தோழி வேடம்.
இரவல் காலணி,
நுனியில் செய்தித்தாள் திணித்திருந்தாள்.
உச்சத்துக்கு ஏறும் முன்
பெருவிரலால் பலகையை ஒருமுறை அழுத்துவாள்.
ஒரு கிறீச்.
எனக்கு மட்டும் கேட்கும்.
அதுதான் அவள் மூச்செடுக்கும் சத்தம் என்று
பல மாதம் நினைத்திருந்தேன்.

இருபத்து மூன்றில்
சம்பளம் இடைவேளையில் வந்தது, துணிக்கூடையில்.
சீமாட்டி உடையோடு பின்வாசல் வழியே ஓடி
விலை ஏறுமுன் உருளைக்கிழங்கு வாங்கிவந்தாள்.
மூன்றாம் அங்கத்தில் அவள் செத்த அழகை
பத்திரிகை புகழ்ந்தது.
குதிகாலில் ஒட்டியிருந்த கிழங்கு மண்ணை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாயகி.
பிறகு பெர்லினில் இசைத்தட்டு.
உச்சத்தில் மைக்கை விட்டு இரண்டடி
பின்னால் போகச் சொன்னார்களாம்.
"தட்டில் நான் எப்போதும்
வெளியேறிக்கொண்டே இருக்கிறேன்" என்று
அர்னோ லிப்ஷூட்ஸிடம் சொல்லிச் சிரித்தாள்.
எட்டு வருடம் பியானோவில் அவளைத் தயார்செய்தவர்.
சுருதி விலகினால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்,
வேறொன்றும் சொல்லமாட்டார்.

முப்பத்து மூன்று, ஏப்ரல்.
சுவரொட்டியில் அவர் பெயர் மேல் வெள்ளைத் தாள்,
பசை காயவில்லை.
முன்வரிசையில் பழுப்புச் சட்டைகள்.
இரண்டாம் அங்கம், அவள் முறை.
சொல்லைக் கொடுத்தேன்.
மறுபடி கொடுத்தேன்,
மூன்றாம் வரிசைக்கே கேட்டிருக்கும்.
வயலின்கள் வெறுமனே இழுத்துக்கொண்டிருந்தன.
பெருவிரல் அசையவில்லை.
காலணிகள் இரண்டும் ஒட்டி நின்றன,
தண்டனைக்கு நிறுத்திய பள்ளிப்பிள்ளை மாதிரி.
நான்கு தாளவட்டம்.
ஐந்தாவதில் பாடினாள், பிசிறில்லாமல்.

மறந்தாளா, மறுத்தாளா?
மறுநாள் அலுவலகத்தில் கேட்டார்கள்.
நான்தான் தாமதமாகக் கொடுத்தேன் என்றேன்.
அரைமாதச் சம்பளம் அபராதம்.
இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்,
அடுத்த வாரம் அந்த வெள்ளைத் தாளின் மேல்
புதுப் பெயர் அச்சாகி வந்தபோது
எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

இன்னும் ஆறு பருவம் பாடினாள்,
ஒரு சொல்லும் தவறாமல்.
பொந்துப் பக்கம் ஒருமுறைகூடக் குனியவில்லை.
நன்றியா, வெறுப்பா,
காலணியில் அதெல்லாம் தெரியாது.

அந்த இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது.
உச்சம் வரும், குரல் இரண்டடி விலகும்.
காதை வைத்துப் பார்த்துவிட்டேன்,
கிறீச் இல்லை.
அந்த அறையில்
கம்பளம் விரித்திருந்தார்களாம்.