மிச்சம்

ஊரின் பெயர் மிச்சம்.
லண்டனுக்குத் தெற்கே, டிராம் நிற்கும் இடம்.
எழுத்துக்கூட்டினால் மிட்சம் என்று வரும்,
நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள்.
மீன்கடை பூட்டு, வங்கி பூட்டு, நூலகம் பூட்டு.
பெட்டிங் கடை மட்டும் ஷட்டரை உயர்த்தியிருந்தது.
சுவர் முழுக்கத் திரை,
திரை முழுக்கப் புல்.
கண்ணாடிக்குப் பின்னால் நான்,
தலையில் மேனேஜர் மாட்டிவிட்ட மான்கொம்பு.

வேலைக்குச் சேர்ந்த வாரம் பயிற்சி வைத்தார்கள்.
போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருபவர்,
மெஷினைக் கையால் அறைபவர்,
அடிக்கிற போனைக் கவிழ்த்து வைப்பவர்.
கண்டால் கிட்டப் போய்க் கதைக்க வேண்டும்,
பிறகு பதிவேட்டில் இரண்டு வரி.
எழுதியிருக்கிறேன்.
டெரன்ஸ், கூரை வேலை, மூன்று தரம் ஏடிஎம்முக்குப் போய் வந்தார்.
தேத்தண்ணி கொடுத்தேன். சிரித்தார். போகவில்லை.

பயிற்சியில் சொல்லாத ஒன்றை
நானாகக் கண்டுபிடித்தேன்:
வென்றாலும் முகம் மலராது.
நூற்றெண்பது பவுண் வென்றவர்
பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நிற்பார்.
அவருக்குக் காசு வேண்டாம்.
அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு, அது வேண்டும்.

அப்படித்தான் நின்றார் குலேந்திரன் அண்ணை.

தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு
சுண்ணாம்புக் கோடு போடுகிற மனிதர்.
கயிறு பிடித்து, குனிந்து, வளையாத கோடு.
நவம்பரில் மழைக்கு ஒதுங்கியவர் போல் உள்ளே வந்தார்,
ஒரு பவுண், பகிடிக்கு.
டிசம்பரில் நாள் தவறாமல்.
பத்து நாளாக அவருக்கு வேலை லீவு,
பத்து நாளாக ஆட்டத்துக்கு லீவே இல்லை.
பெயர் வாயில் நுழையாத ஊர்களின் இரண்டாம் அணிக்கெல்லாம்
காசு கட்டினார்.
"தங்கச்சி, வதனிக்குச் சொல்லிப்போடாதை."
அதற்கும் பட்டியலில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

மூன்று மணி ஆட்டத்துக்கு ஏழு நிமிடம்.
கண்ணாடிக்கு அடியால் ஒரு உறையைத் தள்ளினார்.
எண்ணினேன். விரலுக்குப் பழக்கம், கண் வேண்டாம்.
இருபது, நாற்பது, அறுபது,
பதினைந்து தாள்.
உறையை மடிக்கப் போனபோதுதான் பார்த்தேன்.
கிறிஸ்மஸ் கார்டு வந்த சிவப்பு உறை,
மேலே நீல மையில்
"வதனி அக்கா, டிசம்பர் சீட்டு".
என் கையெழுத்து.

இந்த மாதச் சீட்டு எனக்குத்தான்.
பொய்லர் மாற்ற வேண்டும்,
இரண்டு கிழமையாக வீட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம்.

மான்கொம்பைக் கழற்றினேன்.
கதவைத் திறந்து வெளியே போய்
அவர் பக்கத்தில் நின்றேன்.
பயிற்சியில் தந்த வசனம் ஆங்கிலத்தில் இருந்தது,
தமிழில் அது வாய்க்கு வரவில்லை.
"அண்ணை, இது என்ர காசு" என்றேன்.
அதை மட்டும்தான்.

அவர் உறையைப் பார்த்தார், பிறகு திரையை.
அப்போதும் திரையை.
"இதொண்டு வந்தால் எல்லாருக்கும் குடுத்திடுவன்."
எல்லாருக்கும்.
சீட்டில் நாங்கள் பன்னிரண்டு பேர்.

ஒரு வருடம் கடைக்குள் வர முடியாதபடி
கையெழுத்து வைக்க ஒரு படிவம் இருக்கிறது, நீட்டினேன்.
"நான் அந்த மாதிரி ஆளே?" என்று கேட்டார்.
கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல.
விசில் ஊதியது.
தாள்களை வாரிக்கொண்டு வெளியே ஓடினார்.
ஐந்து கடை தள்ளி இன்னொரு கடை,
அங்கே கண்ணாடிக்குப் பின்னால்
தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை.
உறை என்னிடம் கிடந்தது.

ஆட்கள் கதையை வெளியே சொல்லக் கூடாது.
அதுவும் பயிற்சிதான்.
கழிவறைக்குள் போய் வதனி அக்காவுக்கு அடித்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
ஹலோ இல்லை, ஆர் என்ற கேள்வி இல்லை.
"எங்க நிக்கிறார்?" என்றாள்.

பிறகு பதிவேடு.
இரண்டு வரிக்கு இடம், ஒரு வரிதான் வந்தது.
கிளை என்று கேட்ட கட்டத்தில்
ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன்.
ஆங்கிலத்தில் அது வெறும் ஊர்.