முப்பத்தெட்டு டன்

வரி மாறிய வருடம்
லாரிகள் நிற்பதை நிறுத்திக்கொண்டன.
வாளையார்ச் சாலையோரம்
அப்பாவின் எடை மேடை வெறுமனே கிடந்தது.
கரண்டை மட்டும் அவர் துண்டிக்கவில்லை.
இரவெல்லாம் சிவப்பாய் ஒரு பூஜ்ஜியம் எரியும்,
கொசுக்கள் அதைச் சுற்றி வரும்.

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அன்று
சீருடையோடு ஏறி நின்றேன்.
38,000 என்றது.

பக்கத்தில் லாரி இல்லை, மாட்டு வண்டிகூட இல்லை.
செருப்பைக் கழற்றினேன். 38,000.
மூச்சை இழுத்துப் பிடித்தேன். 38,020.
அப்பா ஒயரை ஆட்டிப் பார்த்தார்,
"எலி கடிச்சிருக்கும்" என்றார்.
பிறகு, பழக்க தோஷம்,
சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாள் செருகினார்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு:
அங்கே பேனா நின்றது. வெகுநேரம் நின்றது.
அதைத் தாண்டிப் போய்
ஓட்டுநர் என்ற இடத்தில் மகுடேஸ்வரி என்று எழுதிக்
கிழித்துக் கொடுத்தார்.

அதிலிருந்து என் காலடியில் தார் குழைந்தது.
பள்ளிக்கூட பெஞ்சில் என் பக்கம் தாழ்ந்து
ஷர்மிளா சரிந்து சரிந்து என்மேல் விழுந்தாள்.
"உடம்பு வெச்சிட்டா" என்று அத்தை கொலுசை மாற்றினாள்.
எண் யாருக்கும் தெரியாது. சீட்டு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம்
ஜிதினுக்கு நேர்மாறு.
கஞ்சிக்கோட்டில் அவன் மாமாவின் மேடையில் ஏறினால்
எண் அசைவதே இல்லை.
ஆனிக் காற்று கணவாய்க்குள் நுழைந்துவிட்டால்
புத்தகப் பையில் செங்கல் போட்டுக்கொண்டு நடப்பான்.
"எனிக்கு ஒண்ணும் இல்லா, ஒரு கிராம் போலும்."
மீசை மட்டும் அரும்பியிருந்தது.
அதற்கும் எடையில்லை.

ஆடி பிறந்த இரவு
காற்றாலை ஒன்று வரிசையை விட்டு இறங்கி வந்தது.
மூன்று இறக்கைகளையும் மாற்றி மாற்றி ஊன்றி,
சோளக்காட்டை ஓரமாய்ச் சுற்றி,
தண்டவாளத்தில் மட்டும் நின்று
இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டி
(அடிபட்ட யானைகளை மேலிருந்து பார்த்திருக்கும்)
நெற்றி விளக்கை என் முகத்தில் அடித்தது.
"ஓவர்லோடு" என்றது, அசல் செக்போஸ்ட் குரலில்.
"இறக்கு."

இறக்கினேன்.
லாரிக் கிளீனர் ஒருவன் எறிந்துவிட்டுப் போன சொல்.
பீரோவில் அம்மா ஒளித்து வைத்த, பிரிக்காத ஸ்கேன் உறை.
தம்பிக்குக் கொடுக்காமல் தின்ற அரை முறுக்கு,
அது மட்டும் நான்கு டன்.
குளியலறைக் கண்ணாடியில் எனக்குப் பதிலாக நின்றிருந்தவளை
இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி
மேடைக்கு வெளியே வைத்தேன்.
38,000.
காற்றாலை தலையைச் சொறிய நினைத்து
எந்த இறக்கையால் என்று தெரியாமல் நின்றது.

அப்போதுதான் ஜிதின் தேங்காய் நார்க் கயிற்றோடு வந்தான்.
ஒரு நுனி அவன் இடுப்பில்.
மறுநுனியை என் கையில் சுற்றிவிட்டுச்
செங்கல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான்.
நான்காவதை வைக்கும்போது சிரித்தான்.
பிறகு வாழை உயரம், மின்கம்பி உயரம்,
சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி உயரம்.
கயிறு உள்ளங்கையைச் சுட்டது.

"என்ன தெரியுது?" என்று கத்தினேன்.
"நிங்ஙளுடெ டாங்கினு மூடியில்லா!"
அதற்குமேல் அவன் குரல் எட்டவில்லை.

நான் விடவில்லை. விடியும்வரை விடவில்லை.
விடிந்தபோது காற்றாலை தன் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது,
ஒரு இறக்கையில் சோளத்தட்டை ஒட்டியிருந்தது.
கயிற்றை இழுத்தேன், லேசாக வந்தது.
முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.
நடுவில் ஓர் இடுப்பளவு வெற்றிடம்.

மொட்டை மாடிக்குப் போய்த்
தொட்டியைச் சாக்கால் மூடினேன்.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
மூலைக்கு ஒன்றாக அவன் செங்கல்கள்.
ஏணியில் அவற்றைத் தூக்கி வரும்போது மூச்சு வாங்கியது.
மூன்று மாதத்தில் முதன்முறையாக
வேறொன்று கனத்தது எனக்கு.