கிளாரெட்

போல்ட்டனில், ரயில் பாலத்து வளைவுக்கு அடியில்
எங்கள் குத்துச்சண்டைக் கூடம்.
நான் மணியடிக்கிறவள்.
மூன்று நிமிடம் அடித்துக்கொள்ள,
ஒரு நிமிடம் மூச்சு வாங்க.
அந்த ஒரு நிமிடம் கிளைவ் ஓர்மராடுக்குச் சொந்தம்.

காதிடுக்கில் பஞ்சுக்குச்சி,
புறங்கையில் வாசலின்,
ஐஸில் ஊறிய இரும்புத்துண்டு.
பிளந்த புருவத்தைத்
தபால் உறை ஒட்டுவதுபோல் அழுத்திப் பிடிப்பார்.
"கொஞ்சம் கிளாரெட், அவ்வளவுதான்டா.
அவனுக்கும்தான் கொட்டுது, பார்."

கிளாரெட் என்றால் ஒயின்.
பிரான்ஸிலிருந்து கப்பலேறி வரும் சிவப்பு.
எங்கள் தெருவில் அதைக் குடித்தவர் யாருமில்லை.
சொல் மட்டும் எப்படியோ
பெரிய வீட்டு மேசையிலிருந்து வழிந்து
எங்கள் பையன்களின் மூக்குக்கு வந்துவிட்டது.
சட்டையில் கிளாரெட், கயிற்றில் கிளாரெட்,
செவ்வாய்க்கிழமை தரையில் நான்
சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பதும் அதுவே.
பெற்றவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கையில்
வேறெந்தச் சொல்லை வாயில் எடுப்பது?

மார்ச்சில் அவர் இருமினார்.
கைக்குட்டையை மடித்த விதம்
எனக்குச் சரியாகப் படவில்லை.
இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒலுச்சி. சின்னப் பெண்,
இந்த ஊருக்கு வந்து ஆறே வாரம்.
"என்ன தொந்தரவு?"
"காலையில் கொஞ்சம் கிளாரெட், டாக்டர்."
"எத்தனை கிளாஸ்?"
"கிளாஸா? ஒரு டீஸ்பூன் இருக்கும்."
"தினமுமா?"
"போன மாதத்திலிருந்து."
அவள் சிரித்துவிட்டாள்.
திரையில் ஏறியது: மது, மிக அளவாக.

கிளைவ் மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளை.
தன் கல்யாணத்திலேயே
எலுமிச்சைச் சாறு தூக்கி வாழ்த்துச் சொன்னவர்.
இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்,
ஆறாவது சுற்றில் கண் மூடிப்போன பையன்கள்
நடுவரைப் பார்ப்பார்களே, அப்படி:
நிறுத்திவிடாதே.

"ரத்தம்," என்றேன்.
"ரத்தமாகத் துப்புகிறார், டாக்டர்."

நாற்பது வருஷத்தில் அவர் எதிரில்
யாரும் சொல்லாத சொல்.
தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.
அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு
மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

எக்ஸ்ரேக்குத் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.
பஸ்ஸைத் தவறவிட்டோம். மழை வேறு.
கடைவாசலில் நின்றுவிட்டார்.
"ஒரு பாட்டில்தான் வாங்கிப் பார்ப்போமே, நோரீன்."

திறக்கத் தெரியவில்லை.
ஸ்க்ரூடிரைவரால் குத்தியதில்
கார்க் உள்ளே விழுந்து மிதந்தது.
டம்ளர் ஒன்றில் ஊற்றி
சமையலறை பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார்,
அறுபத்தொன்பது வயதில், முதல் தடவையாக.

குடிக்கவில்லை.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறமே இது இல்லையே," என்றார்.
பிறகு, சற்றுப் பெருமையாகக்கூட:
"என்னுடையது இதைவிடப் பளிச்சென்று இருக்கும்."