பிறப்பிடம் என்ற கட்டம்

கோர்ஃபக்கான் துறைமுகத்தில் இறங்கிய பெட்டி.
சரக்குத் தாளில் "அலங்காரக் கல், ஒன்று".
ஷார்ஜா ஆய்வகத்தில் நான்கு பேர் தூக்கி வைத்தோம்.
ஆணி பிடுங்கியதும்
ஒரு தொடை. தொடையின் மேல் தோல்.

எலும்பு எனக்குப் பழக்கம்.
தோல் அப்படியில்லை.
பயறு பரப்பினாற்போல் பொடிச் செதில்கள்,
நடுநடுவே கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று,
முழங்கால் மடங்கும் இடத்தில் சுருக்கம்.
ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டாக
யாரும் நீட்டிவிடாத சுருக்கம்.

சுங்கத்துறை ஷம்மா கேட்டது ஒன்றுதான்:
எந்தப் பாறை அடுக்கு?
விற்றவன் தாளில் ஒரு பெயர், பண்ணை நிலத்துக்கு அடியில், விற்கலாம்.
கடல் தாண்டி வந்த புகாரில் வேறு பெயர்.
அது அரசு நிலம். திருட்டு.

வாடகை வீட்டைக் காலி செய்பவன்
ஆணித்துளையில் பற்பசை அடைப்பதுபோல
யாரோ பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்திருந்தார்கள்.
சுரண்டி, ஊதி, மெழுகு பூசி.
ஒட்டிய மண் இல்லாமல்
தோல் ஊர் சொல்லாது.

மூன்றாம் நாள், பல் டாக்டரின் ஊசியால்
சுருக்கத்துக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை.

நுண்ணோக்கியில் இரண்டு கூட்டம்.
சாம்பல் நிறம், முனை மழுங்காதவை,
ஆறு அவசரமாய்க் கொட்டிவிட்டுப் போனவை.
கூடவே சிவப்பாய், உருண்டு, மெருகேறி
காற்றிலேயே வளர்ந்தவை.
ஒரே படுகையில் இரண்டும் சேர வழியில்லை.
சிவப்பு எங்கோ பார்த்த முகம்.
செருப்பைக் கழற்றி
தகட்டின் ஓரத்தில் தட்டினேன்.
அதே.

லாரி ஓட்டிவந்த குல்சார் முதலில் இல்லை என்றான்.
பிறகு, தைத் பக்கம் டீக்கு நிறுத்தியபோது
பலகையை நெம்பியதைச் சொன்னான்.
"தொட்டுப் பார்த்தேன் பாய்.
முல்தானில் எங்கள் எருமைக்கும்
இந்த இடத்தில் இப்படித்தான் மடியும்."
காற்று வேறு அடித்ததாம்.

ஈர ஊசி முனையில் ஒவ்வொன்றாய்
சிவப்பை ஒதுக்க ஒரு ராத்திரி.
மிச்சத்தில், ஒரு களிமண் துணுக்கில்
மகரந்தம் இரண்டு.
என்றோ அழிந்த ஏதோ மரத்துடையது.
போதும்.

பிறப்பிடம் என்ற கட்டத்தில் அடுக்கின் பெயரை எழுதினேன்.
விற்றவன் எழுதிய பெயர் அல்ல.
ஷம்மா கையெழுத்துப் போட்டாள்.
பெட்டிக்குத் திரும்பவும் ஆணி அடித்தார்கள்.

சிவப்பு மணல், நாற்பத்தொரு மணி.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
சின்னக் குப்பியில் போட்டு மூடி
ஒட்டுத்தாளில் எழுதினேன்:
தைத் சாலை, டீக்கடை எதிரே,
எடுத்தவர் குல்சார்.