பதினொண்டு

சிவதாபுரம் பட்டறையில்
எனக்கு இடப்பக்கம் உட்காருவாள் சுகிர்தமலர்.
தாரமங்கலம் பஸ்ஸில்
முகாம் பெண்கள் நாலு பேரோடு வந்திறங்குவாள்.
தூக்குப்போசியில் ரேஷன் அரிசிச் சோறு,
மூடியில் சம்பல்.

கொலுசுக்கு முத்துப் போடுகிற வேலை எங்களுக்கு.
சலங்கைக்குள் ஒரு பொடி முத்து விட்டு
இடுக்கியால் வாயை நெருக்கினால்
அதற்கு ஒரு குரல் வரும்.
ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

முடிந்ததைக் காதோரம் ஆட்டுவாள்.
"பதினொண்டுதான் கதைக்குது" என்பாள்.
பிரித்துப் பார்த்தால் ஒன்று ஊமையாக இருக்கும்.
முதலாளிக்கு அதில் பெருமை.

ஒரு மணிக்கு வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி.
சோற்று நேரம் என்று அர்த்தம் எங்களுக்கு.
அவள் மட்டும் குனிந்து
தட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் விரிப்பாள்.
முத்து சிதறாமலிருக்க என்று நினைத்திருந்தேன்,
நாலு வருஷம்.

கரண்ட் போன ஒரு புதன்கிழமை
கேட்காமலே சொன்னாள்,
வேறு யாருக்கோ சொல்வதுபோல.

பேசாலைக் கரை. ராத்திரி.
வள்ளத்துக்குப் பத்தொன்பது பேர்.
"பிள்ளையின்ர காலில கிடக்கிறதைக் கழட்டு,
நேவிக்குக் கேக்கும்" என்றானாம் ஓட்டி.
திருகு மழுங்கிப்போயிருந்தது.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
மகளின் கணுக்காலை வாய்க்குத் தூக்கி
பல்லால் நெரித்து நெரித்து
ஒவ்வொரு முத்தாகக் கடலில் துப்பினாளாம்.
ஒரு காலில் பன்னிரண்டு.
மற்றதில் பதினொன்று.

"ஒண்டு அகப்படேல்ல.
மணல் திட்டில இறக்கிப்போட்டு அவன் போட்டான்.
விடியுமட்டும் காலை அசைக்காத, அசைக்காத எண்டு
சொல்லிக்கொண்டே இருந்தனான்.
அவள் அசைக்கேல்ல."

அப்புறம், என்று நான் வாயெடுப்பதற்குள்
கரண்ட் வந்துவிட்டது.
பாலிஷ் மோட்டார் ஓடத் தொடங்கியது.

அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாளா
என்று இன்றுவரை கேட்கவில்லை நான்.
ஒருமுறை அவள் போசியின் பிடியில்
பள்ளிக்கூடப் பச்சை ரிப்பன் சுற்றியிருந்தது.
மூடி கழன்று விழாமல் இருக்கவும்
அப்படிச் சுற்றுவார்கள்தான்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை
முகாமில் தலை எண்ண வருகிறார்கள்.
அன்றைக்கு இரண்டு மணிக்கே எழுந்து
பேசினில் கை கழுவுவாள்.
கழுவின தண்ணீரும் முதலாளிக்குத்தான்,
அதில் வெள்ளி இருக்கும்.
நோட்டில் அரை நாள் என்று விழும்.

போன சனிக்கிழமை
அவள் முடித்து வைத்துப்போன குழந்தைக் கொலுசை
எடுத்துக் காதோரம் ஆட்டினேன்.
திரும்ப ஆட்டினேன்.
எனக்கு எல்லாம்
ஒரே சத்தமாகத்தான் கேட்டது.