நூறு சொல்லுக்குள்

கழுத்தில் தொங்கிய அட்டையில்
நான் எசிலரசி ஆகியிருந்தேன்.
எங்கள் ழகரம் எந்தப் படிவத்திலும்
முழுசாய் ஏறியதில்லை.

ஷார்ஜாவில் ஒரு மே மாதச் சனிக்கிழமை.
பதினொரு பள்ளிகளின் மாணவ நிருபர்கள்.
அரங்குக்குள் பதினெட்டு டிகிரி,
வெளியே நாற்பத்து மூன்று.

ரெஜினால்ட் பெரேரா முதலில் பேசினார்,
இருபத்தாறு வருஷம் செய்தி மேசையில் இருந்தவர்.
"பெயரைத் தப்பாய் எழுதினால்
மற்ற வரிகளை ஒருவரும் நம்பமாட்டார்கள்."
அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி.
ஆறும் திரையில் ஒவ்வொன்றாய் வந்து நின்றன.
தொலைக்காட்சியிலிருந்து வந்த லீனா குரியன்
தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக் காட்டினார்:
முகத்திலிருந்து ஒரு சாண்.
நெருங்கினால் மிரட்டல்,
விலகினால் வெறும் காற்று.

"இருபத்தைந்து நிமிடம் தருகிறோம்.
வெளியே போய்
நூறு சொல்லுக்குள் ஒரு செய்தியோடு வாருங்கள்."

கூட்டம் கேன்டீனுக்குத்தான் ஓடியது.
சமோசா அரை திர்ஹம் ஏறியதைப் பற்றி
அன்று ஒன்பது செய்திகள்.

நான் பின்பக்கம் போனேன்.
மஞ்சள் வண்டிகள் வரிசையாய் வெந்துகொண்டிருந்தன.
ஏழாம் எண்ணின் நிழலில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருந்தார்
எங்கள் வண்டி உதவியாளர்.
உள்ளே படுக்கக் கூடாதா என்றேன்.
"இன்ஜின் ஓடினாத்தானே ஏசி.
ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு."
அப்புறம், நான் கேட்காமலே,
"மார்ச் சம்பளம் வரலை. ஏப்ரலும் வரலை."

இரண்டு வருஷமாய்க் காலையும் மாலையும் பார்க்கிறேன்.
அவர் ஊர் செங்கம் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

என்ன, எப்போது, எங்கே, எப்படி
எல்லாம் எழுதிவிட்டேன்.
ஏன் என்றதற்குக் கையை மேலே காட்டினார்.
கம்பெனி மாடியா, கடவுளா,
திருப்பிக் கேட்கவில்லை.
"உங்க பேர்?"

நோட்டைப் பார்த்தார்.
எழுந்து உட்கார்ந்தார்.
"பேரெல்லாம் எதுக்கும்மா?
நான் ஒண்ணும் சொல்லலை, சரியா?"
என் பேனாவுக்கும் அவர் முகத்துக்கும் நடுவே
சரியாக ஒரு சாண்.

எட்டு நிமிடம் மிச்சமிருந்தது.
நூலக வாசலில் பூனை படுத்திருந்தது.
பெயர் கஹ்வா. வயது நான்கு.
அபுதாபியிலிருந்து வந்த புத்தகப் பெட்டிக்குள்
குட்டியாய் இருந்தது என்றார் ஷைனி மிஸ்.
வைத்துக்கொண்டது எலிக்காக.
தொண்ணூற்றெட்டுச் சொல்.

மூன்றாம் பரிசு எனக்கு.
"ஒரு கேள்விகூட பாக்கியில்லை, கவனியுங்கள்"
என்று பெரேரா உரக்க வாசித்தார்.
அரங்கு சிரித்தது, கை தட்டியது.
சான்றிதழிலும் எசிலரசிதான்.

கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தது.
பெயர் சொல்ல முடியாதவரின் செய்தியை
எப்படி எழுதுவது சார்?
வாக்கியம் தயாராய் இருந்தது.
மைக் எங்கள் வரிசைக்கு வந்தது.
பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன்.
அவள் லீனா குரியனிடம்
மேக்கப்புக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.

ஐந்தரைக்கு ஏழாம் எண் வண்டி.
என் கையில் கோப்பையைக் கண்டதும்
கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.
"என்ன எழுதினே?"
"பூனையைப் பத்தி."
விட்ட மூச்சு என் கையில் பட்டது.
"கஹ்வாவையா! பேர் போட்டியா?"
போட்டேன் என்றேன்.
"நல்லது. அதுக்கென்ன பயம்."

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அறுபத்தொரு சொல் எழுதி
நின்றுபோயிருந்தது.
கிழிக்கவும் இல்லை, மூடவும் இல்லை,
மடியில் கிடந்தது.

வண்டி நகருமுன் வருகைத் தாளை எடுத்தார்.
அதிலும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
விரலை அந்த வரியில் வைத்து,
நாக்கை நன்றாய் மடித்து,
"எழிலரசி" என்றார்.

இருக்கேன் என்று சொல்ல
கொஞ்சம் நேரமானது.