பென்சில் கோடு

கயானியில் அன்றிரவு மைனஸ் இருபத்தாறு.
பால்கனிக் கதவைத் திறந்துவைத்து
மேசையை நிலைப்படிக்குக் குறுக்கே போட்டேன்.
மதர்போர்டு குளிரில்,
நான் உள்ளே, இரண்டு கம்பளிச் சட்டையோடு.
ஊரார் நைட்ரஜன் வாங்கிக் கொட்டுகிறார்கள்,
எனக்கு ஜனவரியே போதும்.

இரண்டு ப்ராசசர்கள்.
ஒரே மாடல், ஒரே விலை, ஒரே தொகுதி எண்.
ஒரே சிலிக்கான் தட்டில்கூடப் பிறந்திருக்கலாம்,
ஒன்று நடுவில், ஒன்று விளிம்பில்.
மூடியில் லேசர் பொறித்த எழுத்து
இரண்டுக்கும் ஒன்றுதான்.
தலையெழுத்து அதுவல்ல.
அதைப் படிக்க
வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

மூடியின் ஓரத்தில் பென்சிலால்
ஒன்றுக்கு ஒரு கோடு, மற்றதற்கு இரண்டு.

ஒற்றைக் கோடு நல்ல பிள்ளை.
ஐந்து புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ் என்றேன்,
ஒன்று புள்ளி மூன்று ஒன்று வோல்ட்டில் ஏறி நின்றது.
இன்னும் நூறு கூட்டினேன், முனகவில்லை.
ஐந்தரையில்
பதினோரு நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு
சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது.

இரட்டைக் கோடு
அதே ஐந்து புள்ளி இரண்டுக்கு
ஒன்று புள்ளி மூன்று ஒன்பது கேட்டது.
கொடுத்தேன்.
நீலத்திரை.
மெமரியைத் தளர்த்தினேன், மின்விசிறியைத் திருப்பிவைத்தேன்,
இன்னும் ஒரு துளி கொடுத்தேன்.
நீலத்திரை.
அவ்வளவு குளிரிலும் அதற்குக் காய்ச்சல்.

இரண்டில் ஒன்று யல்மாரிக்கு.
கூமோ சாலையில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன்,
பணத்தைப் போன வாரமே தந்துவிட்டான்,
வாங்கிய விலைக்கு, ஒரு சென்ட் கூடாமல் குறையாமல்.
எது நல்லது என்று போனில் கேட்டான்.
இரண்டும் ஒன்றுதான் என்றேன்.
சொல்லும்போதே எனக்குத் தெரியும்,
அவனுக்கு இரட்டைக் கோடு.

விடிய இரண்டு மணி நேரம்.
(விடிய என்பது கடிகாரப் பேச்சு,
சூரியன் ஒன்பதரைக்குத்தான் எட்டிப் பார்க்கும்.)
சாக்கெட்டைச் சுற்றிய வாசலினைச் சுரண்டினேன்.
பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து
முதல் மூடியில் பேஸ்ட்டைத் துடைத்தேன்,
இரண்டாவதையும் துடைத்தேன்,
பளபளவென்று, பெண் பார்க்க வருகிற வீட்டுத் தட்டைப்போல,
பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக்
காப்பி ஊற்றப் போனேன்.
திரும்பி வந்து பார்த்தால்
கோடு இல்லை.
ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.
பஞ்சில் மட்டும் சாம்பல் நிறம்.

பலகை ஓரத்துப் பொடி எண்ணைக் குறித்திருக்கலாம்.
குறிக்கவில்லை.
மறுபடி சோதிக்கலாம்.
கீழே லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது,
ஆறே முக்காலுக்குச் சொன்னவன்
ஆறரைக்கே வந்துவிட்டான்.

பனியோடு உள்ளே வந்தான்.
"என்ன ஐலி, பேயறைந்த மாதிரி?"
இரண்டையும் நீட்டினேன்.
நீயே எடு.
"இரண்டும் ஒன்றுதானே?"
ஆமாம் என்றேன்.
போனில் சொன்ன அதே வார்த்தை,
இப்போது எனக்கே அதற்குமேல் தெரியாது.
வலது கையுறையைப் பல்லால் கழற்றினான்,
பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல
இடப்பக்கத்தைத் தூக்கினான்.
காப்பி வேண்டாம் என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் குளிர் விட்டது.
ப்ளஸ் இரண்டு. கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது.
யல்மாரி செய்தி அனுப்பியிருந்தான்:
ஐந்து புள்ளி மூன்று,
ஒன்று புள்ளி மூன்று மூன்று வோல்ட்,
கீழே ஒரு கட்டைவிரல்.
பிறகு இன்னொன்று:
உன்னுடையது எவ்வளவு?

என்னுடையது
இழுப்பறையில், நுரைத்தாள் சுற்றி.
இன்னும் சாக்கெட்டில் வைக்கவில்லை.